பார்வையாளர் இருக்கையில் வாயைத் திறக்கலாமா?

தொலைக்காட்சிப் போட்டி ஒன்றின் படப்பிடிப்பை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. போய்வந்தவர்களிடம் கேட்டால் என்ன உடை, எத்தனை மணிக்குப் போவது, செல்போனை எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். அவையெல்லாம் தேவைதான். ஆனால் அதற்கும் முன்னால் தெரிய வேண்டிய ஒன்று உண்டு: அந்த ஆட்டத்தில் உங்கள் வாய்க்கு என்ன வேலை? ஒரு நிகழ்ச்சியில் விடையைத் தொண்டை கிழியக் கத்தலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இன்னொன்றில் இருமினால்கூடச் சந்தேகம் வரும். இருமல் நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு, பின்னால் வருகிறேன்.

கத்தலாம் என்ற வகைக்கு மிகப் பழைய உதாரணம் அமெரிக்காவின் ‘தி பிரைஸ் இஸ் ரைட்’. 1956இல் பிறந்த நிகழ்ச்சி. இப்போது ஓடும் வடிவம் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1972 செப்டம்பரில் தொடங்கியது. 2007 வரை பாப் பார்க்கர் நடத்தினார், அதன்பின் டிரூ கேரி. ஆட்டம் சின்னப் பிள்ளைக்கும் புரியும்: காட்டப்படும் பொருளின் கடை விலையை ஊகிக்க வேண்டும். உண்மை விலையைத் தாண்டாமல் அதற்கு மிக அருகில் சொன்னவர் மேடைக்குப் போவார். ஃப்ரிட்ஜ், சமையல் எண்ணெய், கார் என்று எதுவும் வரலாம்.

இதில் போட்டியாளர்களைத் தனியாக எங்கிருந்தோ கூட்டி வருவதில்லை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்த கூட்டத்திலிருந்தே ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒன்பது பேரை எடுக்கிறார்கள். டிக்கெட் இலவசம். இருக்கைகள் காலியாகத் தெரியக் கூடாது என்பதால் தேவைக்கு அதிகமாகவே டிக்கெட் கொடுத்துவிடுவார்கள். ஆகவே கையில் டிக்கெட் இருந்தும் வாசலோடு திரும்பியவர்கள் உண்டு. சீக்கிரம் போ என்று சொல்வதன் காரணம் இதுதான்.

போனதும் காத்திருப்பு. விலைச்சீட்டு வடிவத்தில் ஓர் அட்டையில் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதிச் சட்டையில் ஒட்டுவார்கள். படிவங்களில் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு சிறு சிறு குழுவாக நிறுத்தி, தயாரிப்பாளர் ஒருவர் வரிசையாக எல்லோரிடமும் பேசுவார். எந்த ஊர், என்ன வேலை, அவ்வளவுதான். ஒருவருக்குக் கிடைப்பது சில நொடிகள். பலகாலம் இந்த வேலையைச் செய்தவர் ஸ்டான் பிளிட்ஸ். விலை தெரிந்தவரை அவர் தேடவில்லை. உற்சாகம் பொங்கும் முகத்தை, அதுவும் நடிப்பில்லாத உற்சாகத்தைத் தேடினார். உண்மையில் நேர்முகத் தேர்வு இதுதான். ‘வரிசையில்தானே நிற்கிறோம், உள்ளே போய்ச் சிரித்துக்கொள்ளலாம்’ என்று அலுத்த முகத்தோடு நிற்பவரின் வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது.

யார் தேர்வானார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. அறிவிப்பாளர் பெயரைக் கூப்பிட்டு ‘இறங்கி வாருங்கள்’ என்று கத்தும்போதுதான் தெரியும். அந்த இரைச்சலில் தன் பெயரே காதில் விழாது என்பதால், மேடைப் பக்கமிருந்து ஊழியர் ஒருவர் பெயரெழுதிய பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார். வீட்டில் பார்க்கும்போது, கூப்பிட்டதும் ஒருவர் அரை நொடி திகைத்துவிட்டுப் பிறகு துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அட்டையைத் தேடிப் படிக்கும் நேரமும் அதில் இருக்கிறது.

இனிதான் கத்தல். விலை சொல்ல வேண்டிய தருணத்தில் போட்டியாளர் திரும்பிக் கூட்டத்தைப் பார்ப்பார். அம்மா விரலைக் காட்டுவார், நண்பன் எண்ணைக் கத்துவான், முன்பின் தெரியாத மற்றவர்கள் ஆளுக்கொரு விலை சொல்வார்கள். இதை யாரும் முறைகேடு என்பதில்லை. விலையை ஊகிப்பது யாராலும் முடியும், யாராலும் சரியாக முடியாது என்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை நம்பிக்கை.

2008இல் அந்த நம்பிக்கைக்கு ஒரு சோதனை வந்தது. இறுதிச் சுற்றில் ஒரு போட்டியாளர் மொத்தப் பரிசுத் தொகுப்பின் விலை 23,743 டாலர் என்றார். ஒரு டாலர்கூடப் பிசகாமல் சரி. டிரூ கேரி ஏதோ மோசடி என்று நினைத்தார். முடிவை அறிவிக்கும் முன் படப்பிடிப்பு நின்றது. ஒளிபரப்பில் அவர் அந்த வெற்றியைச் சொல்லும்போது குரலில் துளி மகிழ்ச்சி இல்லை. பின்னால் தெரியவந்தது: இந்த நிகழ்ச்சியில் திரும்பத் திரும்ப வரும் பொருள்களின் விலைகளை வருடக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்த ஒரு ரசிகர் அன்று பார்வையாளர் வரிசையில் இருந்தார். விலையைச் சொன்னது நான்தான் என்றார் அவர். நானும் மனைவியும் வீட்டிலேயே படித்துக்கொண்டு வந்தோம் என்றார் வென்றவர். இந்த இழுபறியை வைத்து 2017இல் ‘பெர்ஃபெக்ட் பிட்’ என்ற ஆவணப்படம் வந்தது. எது உண்மையானாலும் வழக்கு எதுவும் வரவில்லை, பரிசும் கைக்குப் போனது. கூட்டம் விலை சொல்லக் கூடாது என்று விதியே இல்லாதபோது எதை மோசடி என்பது? நிகழ்ச்சிக்காரர்கள் தங்கள் பக்கத்தைத்தான் திருத்திக்கொண்டார்கள்: ஒரே பொருள்கள் மறுபடி மறுபடி வருவதைக் குறைத்தார்கள்.

அடுத்த வகை, கேட்டால் மட்டும் சொல்வது. 1998இல் பிரிட்டனில் தொடங்கிய ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ குடும்பம் முழுதும் இப்படித்தான். 2000 ஜூலையில் அமிதாப் பச்சனோடு வந்த ‘கௌன் பனேகா கரோர்பதி’, சரத்குமாரின் ‘கோடீஸ்வரன்’, 2012இல் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’, ராதிகாவின் ‘கோடீஸ்வரி’ எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். இங்கே பார்வையாளர் கையில் நான்கு பொத்தான் உள்ள ஒரு கருவி இருக்கும். போட்டியாளர் கூட்டத்தின் உதவியைக் கேட்கும் நேரம் மட்டும் அழுத்தலாம். மற்ற நேரமெல்லாம் உங்களுக்கு விடை தெரிந்திருப்பது உங்களோடு.

கூட்டம் எவ்வளவு நம்பகமானது? அமெரிக்கப் பதிப்பில் பார்வையாளர் வாக்கு 91 சதவீதம் சரியாக இருந்ததாகவும், தொலைபேசியில் அழைக்கப்பட்ட நண்பர் 65 சதவீதம் சரியாகச் சொன்னதாகவும் ஜேம்ஸ் சுரோவியெக்கி 2004இல் வெளிவந்த ‘தி விஸ்டம் ஆஃப் கிரவுட்ஸ்’ நூலில் எழுதினார். இந்தக் கணக்கை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. கூட்டத்தைக் கேட்பது பெரும்பாலும் ஆரம்பத்தில் வரும் எளிய கேள்விக்கு, நண்பரைக் கூப்பிடுவது கடினமானதற்கு. தவிர, கூட்டம் வேண்டுமென்றே கவிழ்க்கவும் செய்யும். பூமியைச் சுற்றுவது எது என்று பிரெஞ்சுப் பதிப்பில் ஒருவருக்குக் கேள்வி வந்தது. அவர் கூட்டத்திடம் கேட்டார். 56 சதவீதம் பேர் சூரியன் என்றார்கள், நிலவு என்றவர்கள் 42 சதவீதம். அவரும் சூரியனைச் சொல்லித் தோற்றார். இவ்வளவுகூடத் தெரியாதவன் ஜெயிக்கக் கூடாது என்று கூட்டம் முடிவுகட்டியிருக்கலாம் என்று அப்போதே பேச்சு எழுந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பார்வையாளர் வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு 2020 போதும். கொரோனாவால் அரங்கில் கூட்டம் கூடாது என்றானபோது ‘கௌன் பனேகா கரோர்பதி’யில் கைதட்டல் மட்டும் போகவில்லை, பார்வையாளர் வாக்கு என்ற உதவியே ஆட்டத்திலிருந்து நீங்கியது. அதற்குப் பதில் நண்பரைக் காணொளியில் அழைக்கும் வசதி வந்தது. அடுத்த ஆண்டு மக்கள் திரும்பியபோது வாக்கும் திரும்பியது.

சரி, இருமலுக்கு வருவோம். 2001 செப்டம்பர் 10 அன்று நடந்த ‘மில்லியனர்’ பிரிட்டிஷ் பதிப்பின் படப்பிடிப்பில் ராணுவ மேஜர் சார்ல்ஸ் இங்க்ராம் பத்து லட்சம் பவுண்டு வென்றார். விடைகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிப் பார்ப்பார், சரியான விடை வரும்போது எங்கிருந்தோ ஓர் இருமல் கேட்கும். அடுத்த சுற்றுக்குக் காத்திருந்த ஒரு போட்டியாளரின் இருமல் அது என்றது அரசுத் தரப்பு. பார்வையாளர் வரிசையில் இருந்த இங்க்ராமின் மனைவியும் வழக்கில் சேர்க்கப்பட்டார். ஒலிப்பதிவில் 192 இருமல்கள் எண்ணப்பட்டன. அவற்றில் 19 சந்தேகத்துக்குரியவை என்றார்கள். 2003 ஏப்ரலில் மூவருக்கும் தண்டனை, ஆனால் சிறைக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. பரிசுப் பணம் அவர் கைக்குப் போகவே இல்லை. தாங்கள் குற்றமற்றவர்கள் என்றே தம்பதியர் சொல்லிவருகிறார்கள். ‘தி பிரைஸ் இஸ் ரைட்’டில் கூட்டம் முழுதும் சேர்ந்து செய்வதை இங்கே ஒருவர் செய்ததாகச் சொல்லித்தான் தண்டனை.

இந்தக் கண்டிப்பின் வேர் இன்னும் பழையது. 1950களில் அமெரிக்காவில் ‘ட்வென்டி ஒன்’ போன்ற வினாடி வினாக்கள் நாட்டையே கட்டிப்போட்டன. சார்ல்ஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் அதில் வென்று நட்சத்திரமானார். விடைகள் தனக்கு முன்பே தரப்பட்டன என்று 1959இல் நாடாளுமன்றக் குழு முன் அவரே ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே, தொலைக்காட்சிப் போட்டி முடிவை முன்கூட்டி நிர்ணயிப்பது சட்டப்படி குற்றமானது. அன்றிலிருந்து அரங்கில் ஆட்டத்தின் நேர்மையைக் கவனிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். செல்போனை வாசலில் வாங்கிக்கொள்வதும், இடைவேளையில்கூடப் போட்டியாளரிடம் பேசவிடாததும் அவர்களால்தான். ‘ஜெப்பர்டி’ வினாடி வினாவில் ஒரே நாளில் ஐந்து பகுதிகள் எடுக்கிறார்கள். தங்கள் முறைக்குக் காத்திருக்கும் போட்டியாளர்கள் அரங்கிலேயே, ஆனால் மற்றவர்களிடமிருந்து விலகி உட்கார வேண்டும். வந்த உறவினரைப் பார்த்துக் கை ஆட்டக்கூட யோசிக்க வேண்டியதுதான்.

உட்கார்ந்த பிறகு என்ன நடக்கும் என்பது எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்று. அரங்கம் டிவியில் தெரிவதைவிடச் சின்னதாக இருக்கும். அகலமாகக் காட்டும் லென்ஸின் வேலை அது. குளிரும், ஒரு மேல்சட்டை எடுத்துப் போவது நல்லது. ஆட்டம் தொடங்கும் முன் ஒருவர் வந்து ஜோக் சொல்லி, பாட்டுப் போட்டு, எப்படிக் கைதட்ட வேண்டும் என்று ஒத்திகை பார்ப்பார். அப்போதே உங்கள் சிரிப்பையும் வியப்பையும் தனியாகப் படம் பிடித்து வைத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே எதற்கோ சிரித்த முகம் வேறெதற்கோ சிரித்ததாகத் திரையில் வரலாம். பொடிக்கோடு போட்ட சட்டை கேமராவில் அலையடிக்கும். பெரிய எழுத்தில் நிறுவனப் பெயர் உள்ளதையும் வேண்டாம் என்பார்கள்.

நம் ஊரில் ஒரு வேறுபாடு. சென்னைப் படப்பிடிப்புகளில் பார்வையாளரில் ஒரு பகுதியினர் ஆர்வத்தில் வந்தவர்கள் இல்லை. ஆள் சேர்த்துத் தரும் கோஆர்டினேட்டர் வழியாகச் சாப்பாட்டுக்கும் நாள் கூலிக்கும் வருபவர்கள். காலையில் வேனில் வந்து இரவு வரை உட்கார்ந்து, சொன்ன இடத்தில் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். முன்வரிசையில் யார், பின்னால் யார் என்பதைப் புடவை நிறமும் வயதும் பார்த்து ஃப்ளோர் மேனேஜர் மாற்றிக்கொண்டே இருப்பார். கல்யாண வீட்டில் பந்தி உட்கார வைப்பவரின் அதே அவசரம். அவர் எழுப்பி இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் உங்களைப் பார்க்கவில்லை, கேமராவுக்குள் விழும் சட்டத்தைப் பார்க்கிறார்.

அரை மணி நேரமாக ஒளிபரப்பாவது எடுக்க அரை நாளாகலாம். தொகுப்பாளர் பேசிய வரியை இரண்டு மூன்று முறை திரும்ப எடுப்பார்கள். ஆனால் பணம் தொங்கும் கேள்வியைத் திரும்பக் கேட்க மாட்டார்கள். ஏதாவது கோளாறு என்றால் அதை ரத்து செய்து வேறு கேள்வி போடுவார்கள். ஆட்டம் நின்றுபோய் நெடுநேரம் ஒன்றும் நடக்காமலிருந்தால் திரைக்குப் பின்னால் அப்படியொரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

ஒருவேளை உங்கள் பெயரையே கூப்பிட்டுவிட்டால்? பரிசை அன்றே தூக்கிக்கொண்டு வர முடியாது. ‘தி பிரைஸ் இஸ் ரைட்’டில் ஒளிபரப்பான பிறகுதான் பொருள் வீடு வந்து சேரும். கார் வென்றவர் அந்தக் காரின் மதிப்புக்கு வருமான வரி கட்ட வேண்டும். கையில் பணமில்லாமல் பரிசை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் இத்தகைய வெற்றித் தொகைக்கு 30 சதவீத வரி, அதன்மேல் கூடுதல் தீர்வை. பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள், பார்வையாளராக உட்காரும் தகுதி வேறு, போட்டியாளர் தகுதி வேறு என்பதை நினைவில் வைத்து விதிகளைப் படித்துவிட்டு வரிசையில் நிற்கலாம். யார் வென்றார் என்பதை ஒளிபரப்பு வரை வெளியே சொல்லக் கூடாது. வாசலில் கையெழுத்துப் போட்ட படிவத்தில் அதுவும் இருக்கும்.