நீர்வழிச் சரக்கும் நம் சங்கங்களும்

சேலையும் மஞ்சளும் சந்தை சேர்வதற்குள் ஏறும் வண்டி வாடகை, நெசவாளரின் கூலியையும் குடியானவரின் ஆதாயத்தையும் குறைக்கிறது. நீர்வழியில் இச்செலவு சொற்பம். மிதக்கும் பாரத்தை இழுக்கச் சிறு விசையே போதும். பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்ட பக்கிங்காம் கால்வாயில் முன்னாளில் விறகும் உப்பும் படகேறிச் சென்னைக்கு வந்தன. புயல்களால் சிதைந்தும் மண் தூர்ந்தும் அவ்வழி நலிந்தது. 2008-இல் அது 4-ஆம் தேசிய நீர்வழியில் சேர்க்கப்பட்டது.

நம் பவானியிலும் காவிரியிலும் பரிசல் ஓடும். சரக்குப் படகு ஓடாது. பாறைப் படுகையும், பருவந்தோறும் மாறும் நீர்மட்டமுமே காரணம். ஆயினும், படகின் சிக்கனத்திற்கு ஆதாரம் நீர் மட்டுமன்று, நிறைந்த பாரமுமாகும். பாதி காலியாகச் செல்லும் படகு நஷ்டமே தரும். லாரிக்கும் அதுவே விதி. ஆகவே அண்டைச் சங்கங்கள் நாள் குறித்துத் தத்தம் சரக்கை ஒன்றுசேர்த்து, முழு லாரியாக அனுப்புதல் வேண்டும். அதனால் மிஞ்சும் வாடகை அங்கத்தினர்களுக்கே உரியதாகும்.