ஒரு லட்சம் மாடுகளின் வயிறு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைக்குக் கிழக்கே விரியும் சமவெளியில் இருக்கிறது கிரீலி. சர்க்கரை பீட் கிழங்கு விளையும் பூமி. 1902 முதல் ஊரிலேயே சர்க்கரை ஆலையும் ஓடியது. கிழங்கிலிருந்து சர்க்கரையை எடுத்த பிறகு சக்கை மலைபோல் மிஞ்சும்; அது மாட்டுக்குத் தீவனமாகும். இல்லினாய்ஸில் பள்ளி ஆசிரியராக இருந்த வாரன் மான்ஃபோர்ட், குடும்பப் பண்ணையைக் கவனிக்க ஊர் திரும்பி, 1930-ல் 18 மாடுகளுடன் தீவனத் தொழிலில் இறங்கினார். 1960களின் முடிவுக்குள் அவரும் மகன் கென்னத்தும் ஒரே சமயத்தில் ஒரு லட்சம் மாடுகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தொழில் கேட்பதற்கு எளிது. மேய்ச்சலில் வளர்ந்த இளம் மாட்டை வாங்கு, நாலைந்து மாதம் பட்டியில் அடைத்துத் தீனி போடு, கொழுத்ததும் இறைச்சிக்கு விற்றுவிடு. அக்கம்பக்கத்து விவசாயிகள் குளிர்காலத்தில் மட்டும் இதைச் செய்தார்கள். வசந்தம் வந்ததும் எல்லோரும் ஒன்றாகச் சந்தைக்கு ஓட்டிப்போக, விலை படுத்துவிடும். வாரன் ஆண்டு முழுவதும் பட்டியை நிரப்பி வைத்தார். வியாபாரக் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாமே மாட்டின் வயிற்றுக்குள் நடந்த கதை.

மாட்டுக்குப் புல்லைச் செரிக்கத் தெரியாது. புல்லின் செல்லுலோஸை உடைக்கும் நொதியம் அதன் உடம்பிலேயே சுரப்பதில்லை. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் பெருவயிற்றில், ஏறக்குறைய 39 டிகிரி சூட்டில், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களும் ஒற்றைச்செல் உயிர்களும் பூஞ்சைகளும் அந்த வேலையைச் செய்கின்றன. அவை புல்லை நொதிக்கவிட்டு வெளியேற்றும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள்தான் மாட்டின் உண்மையான சாப்பாடு. கடைசியில் அந்த நுண்ணுயிர்களும் அடுத்த இரைப்பைகளுக்குத் தள்ளப்பட்டுப் புரதமாகச் செரிந்துபோகும். ஆக, தொட்டியில் கொட்டுகிற தீவனம் மாட்டுக்கு அல்ல, அதன் வயிற்றுக் குடித்தனக்காரர்களுக்கு.

கிழங்குச் சக்கை அவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். மனிதன் தின்ன முடியாத நார் அது. சிக்கல் மக்காச்சோளத்தில் வந்தது. மாட்டை வேகமாகக் கொழுக்க வைப்பது தானியத்தின் மாவுச்சத்து. ஆனால் அதை விரும்பும் பாக்டீரியாக்களில் சில, அரை மணிக்குள் இரட்டிப்பாகிவிடும் வேகக்காரர்கள். புல் தின்று பழகிய மாட்டுக்குத் திடீரென்று வயிறு முட்டச் சோளம் போட்டால் அவை பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அந்த அமிலத்தை உண்டு தீர்க்கும் பாக்டீரியாக்களோ நிதானமாகத்தான் பெருகும். இடைப்பட்ட நேரத்தில் நார் செரிக்கும் கூட்டம் மடியும், வயிற்றின் உட்சுவர் புண்ணாகும், மாடு படுத்துவிடும். தப்பிப் பிழைத்தாலும், அந்தப் புண் வழியாகக் கிருமிகள் புகுந்து ஈரலில் சீழ்க்கட்டி வைக்கலாம்.

ஆகவே பட்டிக்கு வந்த மாட்டுக்கு முதல் மூன்று வாரம் பத்தியம். உலர்புல்லைப் படிப்படியாகக் குறைத்துத் தானியத்தைக் கூட்டுவார்கள். கடைசிவரை கொஞ்சம் நார் விட்டுவைப்பார்கள். நார் இருந்தால்தான் மாடு அசைபோடும், அசைபோட்டால்தான் உமிழ்நீர் ஊறும். ஒரு நாளில் நூறு லிட்டர்கூட ஊறுகிற அந்த நீரில் சோடா உப்பு கலந்திருப்பதால் அமிலம் தணியும்.

விடியலில் ஓர் ஆள் தொட்டி வரிசையை ஒட்டியே போய், நேற்றைய தீவனத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். நிறைய கிடந்தால், தீவனம் வீண். மாடு சுகமில்லாமலும் இருக்கலாம். தொட்டி நக்கித் துடைத்தாற்போல் கிடந்து, மாடுகளும் முட்டிமோதிக்கொண்டு நின்றால் அதுவும் ஆபத்து. அந்தப் பசியில் அள்ளி விழுங்கினால் வயிறு புளித்துவிடும். மாட்டுக்கு நாளுக்குப் பத்து கிலோ என்றால்கூட, ஒரு லட்சம் மாட்டுக்கு ஆயிரம் டன். அவ்வளவும் அந்த விடிகாலைப் பார்வையில்தான் தீர்மானமாகும்.

பின்னாளில் அறிவியலும் கைகொடுத்தது. சோளத்தை நீராவியில் வேகவைத்து அவல் மாதிரி நசுக்கினால் செரிமானம் கூடியது. மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து எடுத்த மோனென்சின் என்ற மருந்து 1975-ல் அமெரிக்காவில் மாட்டுத் தீவனத்துக்கு அனுமதி பெற்றது. அது வயிற்று நுண்ணுயிர்களில் சிலவற்றை அடக்கி, அதே தீனியில் கூடுதல் பலன் தந்தது. மாட்டுக்கு நன்மை செய்யும் இந்த மருந்து குதிரைக்கு நஞ்சு.

மான்ஃபோர்ட் குடும்பம் 1960-ல் சொந்த இறைச்சி ஆலையையும் தொடங்கியது. 1987-ல் நிறுவனத்தைக் கொனாக்ரா என்ற பெருநிறுவனத்துக்கு விற்றுவிட்டது. என்னைக் கேட்டால், அவர்கள் கதையில் அறிவார்ந்த பகுதி சக்கை போட்ட காலம்தான். மனிதன் தின்னாததை உணவாக்கும் வயிற்றுக்கு, மனிதன் தின்னும் தானியத்தைக் கொட்டி, ஒரு கிலோ எடை கூட்ட ஆறேழு கிலோ தீவனம் செலவழிப்பது தலைகீழ் கணக்கு.

நம் ஊர் மாட்டுக்கும் அதே வயிறுதான். மாட்டுப் பொங்கலன்று ஆசையாய்ப் பானைப் பொங்கலை ஊட்டி, மறுநாள் மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் ஓட்டிப்போகிறவர்கள் உண்டு. சாமிக்குப் படைத்ததில் ஒரு கைப்பிடி போதும். மிச்சத்தை நீங்கள் சாப்பிட்டுவிட்டு, மாட்டுக்கு வழக்கமான வைக்கோலையும் பசும்புல்லையும் போடுங்கள்.