பழைய மின்னிசைக் கருவியின் சூடும் இரைச்சலும்

சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையை இசையில் வெல்ல வந்த சீவகன், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஒதுக்குகிறான். ஒன்று நீரில் நின்று இளகிய மரம். ஒன்று இடி வீழ்ந்த மரம். இன்னொன்றின் நரம்பிலே மயிர் இருக்கிறது. யாழின் மரக்குற்றங்களை எண்ணும் உரைமரபு ‘வேதல்’ என்பதையும், அதாவது தீயில் வெந்த குற்றத்தையும், அவற்றோடு சேர்க்கும். யாழ் நன்றாக இல்லை என்று பொதுவாகச் சொல்லி அவன் நிறுத்தவில்லை; குற்றம் இன்னது, இன்ன காரணத்தால் வந்தது என்று பிரித்துச் சொன்னான்.

நீர், வெப்பம், இடி, மயிர் என்னும் இந்நான்கும் மரமும் நரம்பும் இல்லாத இசைக்கருவிகளுக்கும் பகையாகும். ‘அனலாக் சிந்தசைசர்’ எனப்படும் பழைய மின்னிசைக் கருவிகள் அவ்வினத்தைச் சேர்ந்தவை. 1964இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவர் இதற்கு உருக்கொடுத்தார். யாழில் நரம்பின் முறுக்கு சுருதியைத் தீர்மானிப்பதுபோல இதில் மின்னழுத்தம் சுருதியைத் தீர்மானிக்கிறது. ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி உயரும் என்பது மூக் வகுத்த அளவு. பிறகு வந்தவற்றுள் பலவும் அதையே பின்பற்றின.

இந்தியாவுக்கு இக்கருவி வந்தது பலர் எண்ணுவதைவிட முந்தியது. 1954இல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தின் மகுடி ஓசையைக் கல்யாண்ஜி வாசித்தது கிளாவியோலின் என்னும் வால்வுக் கருவியிலேதான். 1969இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில், டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைவாணர் ஒரு மூக் கருவியை நிறுவினார். கீதா சாராபாய் முதலியோர் அங்கே பதிந்த ஒலிநாடாக்கள் பல ஆண்டுகள் கழித்துத் தேடி எடுக்கப்பட்டு வெளிவந்துள்ளன. பம்பாயில் சரண்ஜித் சிங் 1982இல் பத்து இராகங்களை ரோலண்ட் நிறுவனத்தின் ஜூப்பிட்டர்-8 முதலிய கருவிகளில் வாசித்து இசைத்தட்டாக்கினார். அடுத்த ஆண்டே யமாஹாவின் டிஎக்ஸ்-7 வந்தது. எண்களைக் கொண்டு ஒலியை ஆக்கும் அந்தக் கருவிக்குச் சூட்டால் சுருதி விலகும் தொல்லை இல்லை. ஆகவே பழையவை பரணுக்குப் போயின. இன்று அவற்றைத் தேடி எடுப்போர் பெருகிவிட்டனர். எடுத்தவுடன் சந்திக்கும் முறையீடுகள் இரண்டு: சூடாகிறது, இரைகிறது.

இவ்விரண்டும் பேரா மாநிலத்தில் சற்று மிகுதியாகவே கேட்கப்படுவதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே கிந்தா பள்ளத்தாக்கில் அமைந்த ஈப்போவில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 32, 33 டிகிரியைத் தொடும். காற்றிலே ஈரம் எப்போதும் நிறைந்திருக்கும். சுங்கை சிப்புட்டிலோ தாப்பாவிலோ, பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தின் தகரக் கூரை மண்டபமானால் சொல்லவே வேண்டியதில்லை. குளிரூட்டிய அறையில் சுருதி கூட்டிய கருவியைக் கோயில் திருவிழா மேடையில் கொண்டுபோய் வைத்தால் ஒரு மணி நேரத்தில் எட்டு டிகிரி மாறிவிடும். அந்த எட்டு டிகிரி என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

வோல்ட்டைச் சுருதியாக மாற்றும் வேலையை ஓர் இரட்டை டிரான்சிஸ்டர் செய்கிறது. அதன் வாயிலில் ஒரு ஸ்தாயிக்கு ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் போதும். அரைச்சுரத்துக்கு ஒன்றரை மில்லிவோல்ட். ஆனால் இந்த 18 என்னும் எண் நிலையானதன்று. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், அதே ஸ்தாயிக்கு ஆயிரத்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல் கூடுதலாக வேண்டும். எட்டு டிகிரிக்கு நூற்றில் இரண்டரைப் பங்குக்கு மேலாகும். சிறிது என்று தோன்றலாம். நான்கு ஸ்தாயி உயரத்தில் இதைக் கூட்டிப் பார்த்தால் ஓர் அரைச்சுரத்துக்கும் மேலாகச் சுருதி இறங்கிவிடும்! இதனை அறிந்தே, சூடு ஏறும் அளவுக்குத் தானும் ஏறும் ஒரு தனிவகை ரெசிஸ்டரை அந்த டிரான்சிஸ்டரின் முதுகில் ஒட்டி வைத்தனர். இரண்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பசை பூசியிருப்பர். நாற்பது ஆண்டில் அந்தப் பசை காய்ந்து பொடியாகிவிடுகிறது. ரெசிஸ்டர் ஒரு சூட்டிலும் டிரான்சிஸ்டர் வேறு சூட்டிலும் இருந்தால் ஈடுசெய்வது எப்படி? பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசி, இரண்டையும் ஒட்டவைத்த மாத்திரத்தில் நேரான கருவிகள் உண்டு.

இங்கே பழுதுபார்ப்போர் செய்யும் பெரும்பிழை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இரட்டை டிரான்சிஸ்டர் கிடைக்கவில்லை என்று இரண்டு தனி டிரான்சிஸ்டர்களைத் தள்ளித் தள்ளி வைத்துவிடுகிறார்கள். இரட்டையராக ஒரே உறையில் இருப்பதன் பயனே இருவருக்கும் ஒரே சூடு என்பதுதான். தனித்தனியே நின்றால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒரு டிகிரி வேறுபட்டாலே இரண்டு மில்லிவோல்ட் பிறழும். மேலே சொன்ன கணக்கின்படி அது ஓர் அரைச்சுரத்துக்கும் அதிகம். பக்கத்தில் மின்விசிறி திரும்பினால்கூடச் சுருதி அசையும். தனி டிரான்சிஸ்டர்தான் வழியென்றால், அளவு ஒத்த இரண்டைத் தேர்ந்து, முகத்தோடு முகம் ஒட்டிக் கட்ட வேண்டும்.

சுருதி பிறழ்கிறது என்ற முறையீட்டைக் கேட்டதும் முதலில் பார்க்க வேண்டியது, எப்படிப் பிறழ்கிறது என்பதே. கீழ்க்கட்டை சரியாக இருந்து மேலே போகப் போகத் தவறு பெருகினால் குற்றம் மேற்சொன்ன இடத்தில் இருக்கிறது. எல்லாக் கட்டைகளும் ஒரே அளவு ஏறியோ இறங்கியோ இருந்தால், டிரான்சிஸ்டர்கள் இரண்டும் வெவ்வேறு சூட்டில் இருக்கலாம். அல்லது அடிப்படை அளவைத் தரும் மின்வழங்கியில் ஐயம் கொள்ளலாம். கருவியிலுள்ள இரண்டு மூன்று அலையியற்றிகளும் சேர்ந்தே விலகினால் மின்வழங்கி என்பது ஏறத்தாழ உறுதி. ஒன்று மட்டும் விலகினால் அதன் பலகை. திறக்கும் முன்பே காதால் அறியக்கூடியது இவ்வளவு.

மின்வழங்கிதான் சூட்டுக்கும் இரைச்சலுக்கும் பொதுவான தாய்வீடு. டிரான்ஸ்பார்மர், டையோடு, பெரிய கண்டென்சர், ரெகுலேட்டர் என்ற வரிசையில் அது அமையும். ரெகுலேட்டர் தனக்கு வேண்டாத வோல்ட்டைச் சூடாக்கித் தள்ளிவிடும் இயல்புடையது. 20 வோல்ட் வந்து 15 வோல்ட் வெளியேறினால் மிச்சம் 5. அரை ஆம்பியர் ஓடினால் இரண்டரை வாட் சூடு. வரும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு கூடி 22 ஆனால் மிச்சம் 7. சூடு மூன்றரை வாட். மின்னழுத்தம் நூற்றுக்குப் பத்துக் கூடச் சூடு நூற்றுக்கு நாற்பது கூடுகிறது. ஜப்பானில் விற்ற கருவிகள் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. அவற்றைக் கடையில் கிடைக்கும் 110 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் மாட்டுவோர் இந்த நாற்பதைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். மலேசியாவில் முன்பு 240 வோல்ட். 2008 முதல் 230 என்று வகுத்திருக்கிறார்கள். 220 வோல்ட்டுக்கு முடுக்கிய ஐரோப்பியக் கருவியின் பின்புறம் 240 என்ற இணைப்பு இருந்தால் அதற்கு மாற்றிவிடுவது நன்று. இதற்குச் செலவே இல்லை.

பெரிய கண்டென்சர்களின் ஆயுள் சூட்டோடு நேரே கட்டுண்டது. பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதி என்பது தொழிலறிந்தோர் கொள்ளும் வாய்பாடு. 85 டிகிரியில் 2,000 மணி என்று எழுதிய கண்டென்சர், 45 டிகிரியில் ஏறத்தாழ 32,000 மணி நிற்கும். பெட்டிக்குள் 55 ஆனால் 16,000தான். அது உலர்ந்தால் வோல்ட்டின் அலைகளை அடக்க முடியாமல் உறுமல் எழும். சங்கீதம் அறிந்த காதுக்கு இந்த உறுமலே வழிகாட்டி. 50 சுழற்சியுள்ள மின்சாரத்தை முழு டையோடு வழி நேர்ப்படுத்தும்போது எழுவது 100 சுழற்சி. அது ஐந்து கட்டைச் சுருதிக்குச் சற்று மேலே, ஐந்தரைக்கு எட்டாமல் நிற்கும். கருவியின் ஐந்து கட்டையைத் தாழ்ஸ்தாயியில் அழுத்தி ஒப்பிட்டால் அடையாளம் தெரியும். அந்த உயரத்தில் உறுமினால் கண்டென்சர் குற்றம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உறுமினால், டையோடு ஒன்று அறுந்திருக்கும். அல்லது எர்த் கம்பி இரண்டு வழியாகச் சுற்றி வளையமாகியிருக்கும். வளையமா என்று அறிய, பெருக்கிக்குப் போகும் இசைக்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் காதுக்கருவியில் கேட்டாலே போதும். உறுமல் நின்றால் கருவிமேல் பழியில்லை. அதற்காக எர்த் கம்பியை வெட்டிவிடும் வழக்கம் உயிருக்கு உலை வைப்பது; கருவியையும் பெருக்கியையும் ஒரே பிளக்குப் பெட்டியில் மாட்டினால் பெரும்பாலும் தீரும். சொந்த ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் மட்டும் இந்தச் சுருதிக் கணக்கு சிறிது ஏறி இறங்கும் என்பதை மறக்கக்கூடாது.

உறுமல் வேறு, ‘உஸ்’ என்னும் சீற்றம் வேறு. சூட்டால்தான் சீற்றம் பெருகுகிறது என்று பலர் நம்புகிறார்கள். எந்த ரெசிஸ்டரிலும் வெப்பத்தால் ஓர் இரைச்சல் பிறப்பது உண்மையே; ஆனால் பத்து டிகிரி ஏறினால் அது கூடுவது நூற்றில் இரண்டுக்கும் குறைவு. எந்தக் காதும் அதைக் கேளாது. சூடேறச் சூடேற இரைச்சல் பெருகுமானால், குறிப்பிட்ட ஓர் உறுப்பு கெட்டுக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். சோளம் பொரிவதுபோல விட்டுவிட்டு வெடித்தால் பெரும்பாலும் ஒரு டிரான்சிஸ்டர் அல்லது ஐசி. குளிர்விக்கும் தெளிப்பானை ஒவ்வோர் உறுப்பின்மேலும் சிறிது அடித்து, எதைக் குளிர்வித்தபோது ஓசை அடங்கியது என்று பார்ப்பது எளிய வழி. ஒலியளவுக் குமிழைக் குறைத்தும் சீற்றம் குறையாவிட்டால், குற்றம் அந்தக் குமிழுக்குப் பின்னால் இருக்கிறது. குறைந்தால் முன்னால் இருக்கிறது. இப்படிப் பாதி பாதியாகத் தள்ளிக்கொண்டே போனால் சில நிமிடங்களில் ஒரு சிறு வட்டத்துக்குள் வந்துவிடலாம்.

இனி நீர்க்குற்றம். குமிழைத் திருகும்போது கரகரப்பதும், ஒரு கட்டை சில வேளை பேசாதிருப்பதும், ஈரக்காற்றில் தொடுமுனைகள் கறுத்ததன் விளைவு. தொடுமுனை துடைக்கும் திரவமும், இருபது முறை திருகும் பொறுமையும் போதுமானவை. ஈரம் செய்யும் இன்னொரு கேடு அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. கட்டையை விட்ட பிறகும் சுருதியை நினைவில் வைத்திருப்பது ஒரு சிறு கண்டென்சர். பலகையின்மேல் தூசியும் ஈரமும் படிந்தால் அதில் தேங்கிய மின்னூட்டம் அவற்றின் வழியே கசிந்துபோகும். கட்டையை விட்டதும் ஓசை மெல்ல நழுவினால், மழைநாளில் அது மிகுந்தால், வேறெதையும் மாற்ற வேண்டாம். பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும். வெப்பம் சுருதியைக் கெடுத்தது என்று எண்ணி விலையுயர்ந்த உறுப்புகளைப் பிடுங்குவோர், இந்தத் துடைப்பை முதலில் செய்திருக்கலாம்.

இடியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உலகிலேயே இடிமழை மிகுந்த வட்டாரங்களில் மலாயாத் தீபகற்பத்தின் மேற்குக் கரையும் ஒன்று. வானம் இருண்டால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தல் மட்டும் காப்பாகாது.

நரம்பிலிருந்த மயிருக்கு ஒப்பானது ஈயப்பற்றில் விழும் மயிரிழை விரிசல். தினமும் சூடேறி ஆறும் ரெகுலேட்டரின் கால்களிலும், அடிக்கடி பிடுங்கிச் செருகும் பிளக்குத் துளைகளிலும் இது தோன்றும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. மூங்கில் குச்சியால் பலகையை மெல்லத் தட்டும்போது ஓசை துள்ளினால் அவ்விடத்தைத் திரும்பப் பற்றவைக்கலாம்.

நெடுநாள் பரணில் கிடந்த கருவியை நேரே மின்சாரத்தில் மாட்டுவது தவறு. பழைய ரேடியோக்காரர்கள் கையாண்ட சீரிஸ் பல்ப் முறையே சிறந்தது. பல்பு சிறிது மின்னி மங்கினால் குறுக்குப்பாதை இல்லை. பிரகாசமாகவே எரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். டிரான்ஸ்பார்மரின் முன்பக்கம் ஓடுவது உயிர் போக்கும் மின்சாரம். கிளாவியோலின் போன்ற வால்வுக் கருவிகளில் அணைத்த பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். பழக்கமில்லாதவர் திறவாதிருப்பதே நல்லது.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற வரம்பும் வேண்டும். மின்வழங்கியின் கண்டென்சர்கள் தேய்மானப் பொருள்கள், தயங்காமல் மாற்றலாம். அலையியற்றியிலுள்ள பாலிஸ்டைரீன் கண்டென்சர் அவ்வாறன்று. சூடேறினால் தன் அளவு சிறிது குறையும் இயல்பு அதற்கு உண்டு. அந்தக் குறைவையும் கணக்கில் வைத்தே சுற்றியுள்ள உறுப்புகளை அமைத்திருப்பர். ‘புதியது நல்லது’ என்று வேறுவகையை வைத்தால், இல்லாத நோய் புகுந்துவிடும். கருவியின் தனிக்குரலும் பெரும்பாலும் இப்பகுதியிலும் வடிகட்டிப் பகுதியிலும்தான் இருக்கிறது. மொத்தமாக எல்லாவற்றையும் மாற்றித் தரும் கடைக்குக் கொடுத்து, சூடும் இரைச்சலும் இல்லாத, ஆனால் பழைய குரலும் இல்லாத ஒரு பெட்டியைத் திரும்பப் பெற்றவர்கள் உண்டு.

பழுது நீங்கிய பின் சுருதி கூட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. மூடியை மூடி, வாசிக்கப்போகும் இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். திறந்த பெட்டியில் கூட்டிய சுருதி மூடியதும் மாறும். முதலில் மின்வழங்கியின் வோல்ட், அடுத்து ஸ்தாயி அளவு, கடைசியில் ஆதார சுருதி. ஸ்தாயி அளவைத் திருத்தும் சிறு திருகைத் தொடும் முன், அது இருந்த நிலையைப் பென்சிலால் குறித்துக்கொள்வது திரும்பி வருவதற்கு உதவும்.