மேசை மேல் ஒரு போர்க்கப்பல்!

(இரண்டாமாண்டு, இயந்திரவியல்)



மாதிரிக் கப்பல் என்றதும் கடற்கரையில் சங்கு ஒட்டி விற்கிறார்களே, அந்தப் பொம்மைதான் நம் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது அதுவல்ல. உண்மையான கப்பலின் டிராயிங்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அளவையும் ஒரே விகிதத்தில் குறைத்து, பலகை பலகையாகக் கட்டுவது. உலகம் முழுக்கப் பலருக்கு இது பொழுதுபோக்கு. எனக்கோ இது கிராபிக்ஸ் பாடம் சொல்லித் தந்த வாத்தியார்!

முதலாண்டில் கிராபிக்ஸ் பேப்பரில் நான் அரியர். எலிவேஷன், பிளான், செக்‌ஷன் மூன்றையும் பார்த்தால் மூன்று தனித்தனிப் படங்களாகத்தான் தெரியும். ஒரு பொருளாகக் கண்ணுக்கு வராது. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படியேறிய முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் யாரும் இல்லை. அப்போதுதான் ‘வாசா’ என்ற கப்பலின் படம் கண்ணில் பட்டது. அதன் அழகில் மயங்கி, கட்டிப் பார்ப்போமே என்று இறங்கினேன்.

ஸ்கேல் கணக்கு

வாசா, ஸ்வீடன் நாட்டின் போர்க்கப்பல். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்து நீளம் 69 மீட்டர், அகலம் 11.7 மீட்டர், அடியிலிருந்து பாய்மர உச்சி வரை உயரம் 52.5 மீட்டர். 1:100 ஸ்கேலில் மீட்டர் எல்லாம் சென்டிமீட்டர் ஆகிவிடும். 69 செ.மீ. நீளம், மேசையில் அடங்கும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். நீளம் 100 மடங்கு குறைந்தால், கன அளவு 100 x 100 x 100, அதாவது 10 லட்சம் மடங்கு குறையும். சுமார் 1,210 டன் கப்பல், மாதிரியில் 1.21 கிலோ!

கட்டும் முறை

முதலில் முதுகெலும்பு போன்ற அடிக்கட்டை. 4 மி.மீ. பிளைவுட்டில் பக்கவாட்டு உருவத்தை வெட்டி, அதில் காடி எடுக்க வேண்டும். காடிகளில் விலா எலும்பு மாதிரி குறுக்குச் சட்டங்கள் நிற்கும். டிராயிங்கில் இருக்கும் ஒவ்வொரு செக்‌ஷனும் ஒரு சட்டம். கப்பல் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் படத்தில் பாதி உருவம்தான் போட்டிருப்பார்கள். மறுபாதியை நாம்தான் திருப்பி வரைய வேண்டும். சட்டங்களை வரிசையாக நிறுத்தியபோதுதான், ‘அட, செக்‌ஷன் என்றால் இதுதானா!’ என்று எனக்கு உறைத்தது.

பிறகு பலகை ஒட்டுவது. அப்பா தச்சு வேலை செய்பவர். பட்டறையில் மிஞ்சிய மரத்தில் 1 மி.மீ. தடிமன், 5 மி.மீ. அகலத்தில் பட்டைகள் அறுத்துத் தந்தார். வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, ஃபெவிகால் போட்டு, துணி கிளிப் மாட்டிக் காயவிட வேண்டும். நடுப்பகுதியில் சட்டத்தின் சுற்றளவு 100 மி.மீ. என்றால் 20 பட்டை பிடிக்கும். முனையில் சுற்றளவு 60 மி.மீ.தான் இருக்கும், அங்கேயும் அதே 20 பட்டை போய்ச் சேர வேண்டும். ஆகவே ஒவ்வொன்றையும் முனையில் 3 மி.மீ.க்குச் சீவ வேண்டும். சீவாமல் ஒட்டினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

நான் கெடுத்த கதை

அவசரப்பட்டு ஒரு பக்கத்தை மட்டும் முழுசாக ஒட்டி முடித்தேன். மறுநாள் பார்த்தால் அடிக்கட்டை வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடக்கிறது! கண்ணாடி மேல் வைத்து அளந்தேன். 4 மி.மீ. கோணல். நிஜக் கப்பலில் அது 40 செ.மீ.! மூன்று வார உழைப்பு. அம்மா வேறு, “இந்தப் பொம்மை செய்யவா ஃபீஸ் கட்டினோம்?” என்றார்.

அப்பா கையில் எடுத்துப் பார்த்தார். “வளைச்ச மரம் நிமிரத்தான் பார்க்கும். ஒரே பக்கமா இழுத்தா சட்டம் என்னடா பண்ணும்? இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு ஏத்தணும்” என்றார். டிராயிங் பார்க்கத் தெரியாதவர் சொன்னது, நான் பார்த்த எந்த டிராயிங்கிலும் இல்லை. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, அவர் சொன்ன மாதிரியே மறுபடி ஒட்டினேன். கோணல் வரவில்லை.

நிஜ வாசாவின் கதை

இதன் பிறகுதான் நிஜக் கப்பலின் கதையைத் தேடிப் படித்தேன். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட வாசா, சுமார் 1,300 மீட்டர் போனதும் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது. மேல்பாரம் அதிகம் என்பதுதான் முக்கியக் காரணம். புறப்படும் முன்பே 30 பேரை மேல்தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் பயங்கரமாக ஆடவே, மூன்றாவது ஓட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பயணம் நிற்கவில்லை.

1961-ல் கப்பலை வெளியே எடுத்தார்கள். 1990 முதல் அதற்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 1:10 அளவில் ஒரு மாதிரியும் உண்டு. கப்பலை ஆராய்ந்தவர்கள் தொழிலாளர்களின் நான்கு அளவுகோல்களைக் கண்டெடுத்தார்கள். இரண்டு, 12 அங்குலம் கொண்ட ஸ்வீடன் அடி. மற்ற இரண்டு, 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடி! ஒரே கப்பல், இரண்டு அளவு. அதன் இரு பக்கமும் ஒன்றுபோல இல்லை, இடப்பக்கம் அதிக கனம் என்பதும் தெரியவந்தது. என் 4 மி.மீ. கோணலுக்கு வெட்கப்பட்டவன், இதைப் படித்ததும் கொஞ்சம் தேறினேன்.

நீங்களும் செய்ய விரும்பினால் எடுத்ததும் வாசாவில் கை வைக்காதீர்கள். 10 மீட்டர் மீன்பிடி வள்ளத்தை 1:50-ல் செய்தால் 20 செ.மீ.தான். பிளைவுட் துண்டு, உப்புத்தாள், பிளேடு, பசை போதும். என் வாசாவுக்கு இன்னும் பாய் கட்டவில்லை. ஆனால் கிராபிக்ஸ் அரியர் கிளியர் ஆகிவிட்டது. இப்போது விருந்தாளி வந்தால் அம்மாவே கப்பலை எடுத்துக் காட்டுகிறார்!

கடைசியாக ஒன்று, நண்பர்களே... ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஸ்கேலை வைத்து அளங்கள்!