செதில் உதிரும் தோலும் இடுப்பின் சுற்றளவும்

செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் உடம்பில் ஒரு படை தெரிந்துவிட்டால், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், மனதுக்குள் திருமணி ஆஸ்பத்திரி வந்து நிற்கும். 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கி, 1955-இல் மத்திய அரசிடம் வந்து, இன்று மத்தியத் தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் இடம் அது. எத்தனையோ பேரைக் குணமாக்கி அனுப்பிய இடத்தின் பெயர், ஊர்ப்பேச்சில் பயமாக மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பயத்தில்தான் சொரியாசிஸ் என்ற தோல்நோய் வந்தவர்கள் முழங்கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, டாக்டரிடம் போகாமல் வருடங்களைக் கடத்துகிறார்கள்.

தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி மரத்திருக்கும். சொரியாசிஸ் திட்டு சிவந்து தடித்து, வெள்ளைச் செதில் உதிரும். உணர்ச்சி இருக்கும், பலருக்கு அரிக்கும். தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஒரே படுக்கையில் படுத்தாலோ சொரியாசிஸ் ஒட்டாது. சந்தேகம் இருந்தால் நேராக ஒரு தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தொழுநோயாகவே இருந்தாலும் அது மருந்தில் முழுக்கக் குணமாகிறது.

இந்தியாவில் ஏறத்தாழ 0.5 முதல் 3 சதவீதம் பேருக்கு சொரியாசிஸ் இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இந்த நோயில் நம் எதிர்ப்புச் சக்தி தேவையில்லாமல் கிளர்ந்து தோலைத் தூண்டுகிறது. ஒரு மாதம் போல எடுத்து மேலே வரவேண்டிய தோல் செல்கள் சில நாட்களிலேயே வந்து குவிந்து செதிலாகின்றன. இவ்வளவும் தோல் பிரிவில் சொல்லிவிடுவார்கள். அதே அறையில் பலருக்குச் சொல்லப்படாமல் போவது வயிற்றுக் கொழுப்பைப் பற்றி.

கொழுப்பு என்றால் மிச்சமான சாப்பாடு தங்கும் இடம் என்றுதான் மருத்துவமே வெகுகாலம் நினைத்தது. 1993-இல் அமெரிக்காவில் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் என்ற ஆய்வாளர்கள், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதைக் கண்டார்கள். அடுத்த வருடமே நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் ஹார்மோனைக் கண்டுபிடித்தது. அதையும் கொழுப்பு செல்களே சுரக்கின்றன. கொழுப்பு ஒரு சுரப்பி என்பது அப்போதுதான் உறுதியானது.

இதில் ஒரு விஷயத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். சொரியாசிஸ் முற்றியவர்களுக்கு இன்று போடும் விலை உயர்ந்த ஊசிகளில் ஒரு வகை, இதே டிஎன்எஃப்-ஐத் தடுப்பதற்காகவே உருவானது. ஊசி எதை அடக்கப் பார்க்கிறதோ, அதையே தொப்பை உள்ளிருந்து ஓரளவு ஊட்டிக்கொண்டிருக்கிறது. உடல் எடை கூடியவர்களுக்கு ஒரே அளவில் போடும் ஊசிகள் குறைவாகவே வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

லெப்டினின் முதல் வேலை, போதும் என்று மூளைக்குச் சொல்வது. கூடவே எதிர்ப்புச் சக்தி செல்களையும் அது உசுப்பிவிடும். அதற்கு எதிராக, அழற்சியைத் தணிக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனும் கொழுப்பிலிருந்தே வருகிறது. விசித்திரம் என்னவென்றால், வயிற்றுக் கொழுப்பு பெருகப் பெருக லெப்டின் ஏறுகிறது, அடிப்போனெக்டின் இறங்குகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சொரியாசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் லெப்டின் கூடுதலாகவும் அடிப்போனெக்டின் குறைவாகவும் தெரிந்தன. எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை. இந்த மாற்றத்தில் எவ்வளவு எடையால் வந்தது, எவ்வளவு நோயால் வந்தது என்று பிரிப்பதும் எளிதல்ல.

ஆனால் எது முந்தியது என்பதற்கு ஓரளவு பதில் உண்டு. அமெரிக்காவில் 78,626 செவிலியர்களை 14 வருடம் தொடர்ந்து கவனித்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், எடை கூடக்கூட பின்னாளில் சொரியாசிஸ் வரும் வாய்ப்பும் கூடியது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ அளவு 35-க்கு மேல் இருந்தவர்களுக்கு அது இரண்டரை மடங்கைத் தாண்டியது. மரபணு ஆய்வுகளும் எடை நோயைத் தூண்டுகிறது என்ற பக்கமே சாய்கின்றன.

இதைப் படித்துவிட்டு, தின்று தின்றுதான் உனக்கு இது வந்தது என்று வீட்டில் யாரையும் குத்திக்காட்ட வேண்டாம். மெலிந்தவர்களுக்கும் சொரியாசிஸ் வருகிறது. பரம்பரை, தொண்டைத் தொற்று, மன உளைச்சல், புகை, குடி, சில மாத்திரைகள் என்று காரணங்கள் பல. கொழுப்பு அவற்றில் ஒன்று. நம்மால் கொஞ்சம் கை வைக்க முடிகிற ஒன்று என்பதால் பேசுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல், கை கால் மெலிந்திருக்கும்போதே வயிற்றில் கொழுப்பு சேர்வது. எடைக்கருவியை விட டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் இந்திய அளவுகோலில் அது அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகச் சொன்னது.

எடை குறைந்தால் தோல் அடங்குமா? இத்தாலியில் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த, எடை கூடிய 303 நோயாளிகளை 20 வாரம் கவனித்தார்கள். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களுக்கு நோயின் கடுமை 48 சதவீதம் குறைந்தது. அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு 25.5 சதவீதம். மருந்து இரு தரப்புக்கும் தொடர்ந்தது என்பதைக் கவனியுங்கள். எடையைக் குறைத்தால் போதும், மருந்து வேண்டாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பட்டினியும் தேவையில்லை. தட்டில் சோறு கொஞ்சம் குறைந்து காய் கூடட்டும். கடற்கரைக்காரர்கள் நெத்திலியையும் கவளையையும் பொரிக்காமல் குழம்பு வைத்தால் அதுவே நல்ல புரதம்.

மாமல்லபுரத்தில் உளி பிடிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சிராய்ப்பும் காயமும் பட்ட இடத்தில் புதிதாக சொரியாசிஸ் கிளம்பும் குணம் இந்த நோய்க்கு உண்டு. விரல் மூட்டோ குதிகாலோ வீங்கி, காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், கல் வேலையால் வந்த வலி என்று விட்டுவிடக் கூடாது. தோலில் தொடங்கியது மூட்டுக்கு இறங்கியிருக்கலாம். எடை கூடியவர்களுக்கு அந்த ஆபத்தும் கூடுதல். மூட்டு ஒருமுறை சிதைந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது.

எனக்கு மிகவும் கவலை தருவது ஸ்டீராய்டு. ஊசி போட்டதும் தோல் சட்டென்று பளிச்சென ஆகிவிடும். நிறுத்தினால் உடம்பெங்கும் சிவந்து, சீழ்க்கொப்புளம் வரை போகலாம். தொடர்ந்து போட்டால் சர்க்கரையும் வயிற்றுக் கொழுப்பும் ஏறும், அதாவது நோய்க்கு வலு சேரும். 2018-இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. பெயர்ச்சீட்டில்லாத பொடியையோ களிம்பையோ தொடாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சொரியாசிஸுக்கு வாரம் ஒருநாள் மட்டும். தவறித் தினமும் சாப்பிட்டால் உயிரே போகலாம். அது கல்லீரலையும் தாக்கக்கூடியது. கொழுப்பேறிய கல்லீரல் உள்ளவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். அதனால் தோலைக் காட்டப் போகும்போதே சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, கல்லீரல் சோதனைகளையும் கேளுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இவற்றுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். விவரத்துக்கு 104-ஐ அழையுங்கள்.

சட்டமும் கொஞ்சம் துணை நிற்கிறது. உடல் பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. மருந்தைப் பற்றிப் பொய் சொல்லும் எந்த விளம்பரமும் அதே சட்டத்தில் குற்றம், எனவே சொரியாசிஸை அடியோடு ஒழிப்பேன் என்ற நோட்டீசும் அதில் சிக்கும். புகாரை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மறைமலைநகர் தொழிற்சாலைகளில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் உள்ளவர்கள், நோய் முற்றி டாக்டர் ஓய்வு எழுதினால், சந்தா நாட்கள் சரியாக இருக்கும்பட்சத்தில் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் பெறலாம். அந்த உதவித்தொகை வாங்கும் நாட்களில் முதலாளி வேலையை விட்டு நிறுத்த முடியாது என்று 2025 வரை நடப்பில் இருந்த இஎஸ்ஐ சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது.

பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் பில், விளம்பரத் துண்டு, மருந்து டப்பா மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பில் தராதவரிடம் பணம் போன வங்கிக் கணக்கு விவரமும் சாட்சியாகும். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை.