திரும்பி வருவதற்கும் ஒரு வரிசை உண்டு

பிழைப்புத் தேடி வளைகுடா நாடுகளுக்குச் செல்பவருக்கு அறிவுரை சொல்ல ஊரே திரண்டு வரும். அங்கிருந்து நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு வழிகாட்ட எவரும் இருப்பதில்லை. விமானச்சீட்டு எடுத்தால் போதும், ஊர் வந்து சேரலாம் என்றே நானும் என் மனைவியும் எண்ணியிருந்தோம். துபாயில் 18 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுக் கும்பகோணத்துக்குத் திரும்பிய எங்களுக்கு, அங்கே கழிந்த கடைசி எட்டு வாரங்கள் கற்பித்த பாடம் வேறு. குடிபெயர்வதைக் காட்டிலும் குடிதிரும்புவதே சிக்கலானது; அதில் எதை முதலில் செய்கிறோம் என்பதே முக்கியம்.

ஒன்றோடொன்று பின்னிய முடிச்சுகள்: ஐக்கிய அரபு அமீரகத்தில் வெளிநாட்டவரின் வாழ்வு முழுவதும் அவருடைய வசிப்பிட விசாவைச் சார்ந்தது. வங்கிக் கணக்கு, கைப்பேசி இணைப்பு, வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு என அனைத்தும் அந்த விசாவின்வழி கிடைக்கும் அடையாள அட்டையோடு பிணைந்தவை. கணவரின் ஆதரவில் மனைவி விசா பெற்றிருந்தால், மனைவியின் விசாவை ரத்து செய்த பின்னரே கணவரின் விசாவை ரத்து செய்ய இயலும்.

எங்கள் முதல் சிக்கல் இங்கேதான் தொடங்கியது. நான் ஒரு நிறுவனத்தில் கிடங்கு மேலாளராக இருந்தேன். என் பணி பிப்ரவரி இறுதியில் முடிந்தது. மனைவியோ இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கல்வியாண்டு முடியும் மார்ச் வரை மாணவர்களை விட்டுவர அவருக்கு மனமில்லை. நிறுவனம் என் விசா ரத்தை ஒரு மாதம் தள்ளிவைக்க இசைந்ததால் தப்பித்தோம். இருவரும் வேலை பார்க்கும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்வது நல்லது.

பணிக்கொடைக் கணக்கு: அமீரகத்தில் இந்தியத் தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. பெரும்பாலோர் நம்பியிருப்பது பணிக்கொடையைத்தான். 2021ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் ஊதியமும், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் ஊதியமும் தர வேண்டும். மொத்தத் தொகை இரண்டு ஆண்டு ஊதியத்தைத் தாண்டக்கூடாது. பணி முடிந்த 14 நாள்களுக்குள் நிலுவை அனைத்தையும் வழங்கிவிட வேண்டும். ஆனால், இங்கே கணக்கில் கொள்ளப்படுவது அடிப்படை ஊதியம் மட்டுமே.

என் மாதச் சம்பளம் 12,000 திர்ஹம். அதில் அடிப்படை ஊதியம் 6,000. மீதம் வீட்டுப்படி, பயணப்படி முதலியன. நாளொன்றுக்கு 200 திர்ஹம் வீதம், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 105 நாள், பின்னைய 13 ஆண்டுகளுக்கு 390 நாள், ஆக 495 நாள்களுக்கு 99,000 திர்ஹம் கிடைத்தது. முழுச் சம்பளத்தையும் வைத்து மனக்கணக்குப் போட்டிருந்த நான் எதிர்பார்த்ததில் இது சரிபாதி. பிழை நிறுவனத்துடையது அன்று. 18 ஆண்டுகளாகச் சம்பளச் சீட்டைச் சரியாகப் படிக்காத என்னுடையதே.

வங்கியில் கடனோ கடனட்டை பாக்கியோ இருந்தால், பணிக்கொடை கணக்கில் விழுந்ததும் வங்கி அதை முடக்கிவைப்பது வழக்கம். ஆகவே கடனை முன்பே அடைத்து, நிலுவை இல்லை என்ற சான்றைப் பெற வேண்டும். வாடகை ஒப்பந்தப் பதிவை ரத்து செய்து, மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் கட்டிய முன்வைப்புத் தொகையைத் திரும்பப் பெற வேண்டும். இந்தப் பணமெல்லாம் கைக்கு வந்த பின்னரே வங்கிக் கணக்கையும் கைப்பேசி எண்ணையும் மூட வேண்டும். இந்திய வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொல் வெளிநாட்டு எண்ணுக்கு வருமாறு வைத்திருப்போர், அதை இந்திய எண்ணுக்கு மாற்றாமல் மூடினால் சொந்தப் பணத்தையே தொட முடியாமல் தவிக்க நேரும்.

இரண்டு சட்டங்கள், இரண்டு அளவுகோல்கள்: தாயகம் வந்தபின் 'வெளிநாடு வாழ் இந்தியர்' என்ற தகுதி எப்போது முடிகிறது? அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்துடன் வந்து இறங்கியவர் இந்தியாவில் வசிப்பவரே. உடனே வங்கிக்குத் தெரிவித்து, என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காகவோ, வெளிநாட்டுப் பணமாகவே வைத்திருக்க உதவும் ஆர்.எஃப்.சி. கணக்காகவோ மாற்ற வேண்டும். அதுவரை கிடைத்த வட்டிக்கான வரிவிலக்கும் அத்துடன் நின்றுபோகும்.

வருமான வரிச் சட்டமோ நாள்களை எண்ணுகிறது. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் வெளிநாடு வாழ்பவராக இருந்தவருக்கு, 'வசிப்பவர், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்லர்' என்ற இடைநிலைத் தகுதி பொதுவாக இரண்டு, சில வேளை மூன்று நிதியாண்டுகளுக்குக் கிடைக்கும். அக்காலத்தில் வெளிநாட்டுச் சேமிப்பில் அங்கே ஈட்டும் வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. ஒரு சட்டத்தின் தகுதியை மற்றதற்கும் பொருத்திப் பார்த்துப் பழைய கணக்குகளை அப்படியே விட்டுவிடுவோர் பலர்.

மருத்துவக் காப்பீட்டிலும் கவனம் தேவை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் விதிக்க 2024ஆம் ஆண்டின் விதிகள் காப்பீட்டு நிறுவனங்களை அனுமதிக்கின்றன. எனக்கு நீரிழிவு உண்டு. திரும்புவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இங்கே காப்பீடு எடுத்திருந்தால் அந்தக் கவலை இன்று இராது.

படிவத்தில் இருந்த பெயர்: கணக்கு மாற்றத்துக்கான படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்த ஓர் இரவு, என் மனைவி ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார். இந்தியாவில் எங்கள் சேமிப்பின் பெரும்பகுதி இருந்த கணக்கு அது. என் ஒருவன் பெயரில் மட்டுமே இருந்தது. நியமனதாரர் என் தந்தை. அவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. "எனக்கும் இதில் சம்பளம் போயிருக்கிறதே" என்று மட்டும் அவர் சொன்னார். இடையில் எனக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், தம் உழைப்பும் கலந்த பணத்துக்காக அவர் வாரிசுச் சான்றிதழோடு அலைந்திருப்பார். முதல் வேலையாக அதைக் கூட்டுக் கணக்காக்கினோம். திரும்புவோர் மட்டுமல்லர், இன்னும் அங்கே இருப்போரும் இன்றே பார்க்க வேண்டியது இது.

வேலைக்காக வெளிநாடு புறப்படுவோருக்கு மத்திய அரசு பயண முன்பயிற்சி அளிக்கிறது. கேரளத்தின் நோர்கா துறை, திரும்பி வந்தோர் தொழில் தொடங்கக் கடனுதவித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. தமிழக அரசும் 2021இல் அயலகத் தமிழர்களுக்கெனத் தனித்துறை அறிவித்தது. ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. திரும்பத் திட்டமிடுவோருக்கு, அவர்கள் அங்கே இருக்கும்போதே, இந்த வரிசையைத் தமிழில் எளிமையாகச் சொல்லும் கையேட்டை அத்துறை ஒவ்வொருவர் கைக்கும் கொண்டுசேர்த்தால் பல குடும்பங்களின் பணமும் நிம்மதியும் காக்கப்படும்.

பெட்டிகளைக் கட்டி முடித்த நாளில், பலகணியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்தோம். எதை யாரிடம் விட்டுவர வேண்டும் என்பதை என் மனைவி முன்பே எழுதி வைத்திருந்தார். அந்தப் பட்டியலை ஓராண்டு முன்பே நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.