உயிரா, பிழைப்பா?



திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை நாம் பலமுறை கேட்டது (மத்தேயு 20:1-16). மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் சிலர் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை வேலைக்கு அழைப்பார் யாருமில்லை, அவ்வளவுதான். அன்றைய கூலிதான் அன்றைய சோறு. ஆகவே நிலக்கிழார் ஒரு மணி நேர வேலைக்கும் முழு நாள் கூலியான ஒரு தெனாரியத்தைக் கொடுக்கிறார். வேலை குறைந்தாலும் வீட்டில் பசி குறையாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

2020 மார்ச் 24 அன்று இரவு எட்டு மணிக்கு நம் நாட்டில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நான்கு மணி நேரத்தில், நள்ளிரவு முதல், அது நடைமுறைக்கு வந்தது. முதலில் 21 நாள். பிறகு மே மாத இறுதிவரை நீண்டது. அது சரியா, தவறா என்று இன்றும் வாதாடுகிறோம். உயிரே பெரிது என்கிறார் ஒருவர். பிழைப்பு போனால் உயிர் எங்கே என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், அடைப்பு எதற்காக? ஒருவரிடமிருந்து இருவருக்கு நோய் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது சுற்றில் 1,024 பேர் புதிதாக நோயுறுவார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மட்டுமே பரவுமானால், பத்தாவது சுற்றிலும் ஒருவர்தான். சந்திப்புகளைக் குறைப்பதன் பயன் இதுவே. அடைப்பு நோயைக் குணமாக்குவதில்லை. படுக்கைகளையும் பரிசோதனைகளையும் முகக்கவசங்களையும் ஆயத்தப்படுத்த நாள்களை வாங்கித் தருகிறது. கோயம்பேடு சந்தை மக்களின் உணவுக்காகவும் வியாபாரிகளின் பிழைப்புக்காகவும் திறந்திருந்தது. அங்கே தொற்று பரவி, ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை சென்றது. 2020 மே 5 அன்று சந்தையை மூட வேண்டியதாயிற்று.

அப்படியானால் அடைக்காமல் விட்டிருந்தால் பொருளாதாரம் பிழைத்திருக்குமா? சுவீடன் நாடு அந்த வசந்த காலத்தில் உணவகங்களையும் தொடக்கப் பள்ளிகளையும் மூடவில்லை. ஆனாலும் அதன் பொருளாதாரம் சுருங்கியது. மக்கள் அஞ்சும்போது கடை திறந்திருந்தும் வாங்க ஆளில்லை. முதல் ஆண்டில் அங்கே மரணங்கள் அண்டை நாடான நார்வேயைவிடப் பல மடங்கு அதிகம். பின்னாளில் மூன்றாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த இடைவெளி குறைந்தது. ஆகவே இரு தரப்பாருமே சற்றுத் தாழ்மையோடு பேசுவது நல்லது.

இரண்டாவதாக, அடைப்பின் விலை என்ன? 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் நம் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது. இது வெறும் பணக்கணக்கு அல்ல. ஊருக்கு நடந்தே புறப்பட்ட தொழிலாளர்களில் 16 பேர், களைத்துத் தண்டவாளத்தில் தூங்கியபோது, மே 8 அன்று மகாராட்டிரத்தின் அவுரங்காபாத் அருகே சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். 2019-இல் நாட்டில் பதிவான காசநோயாளிகள் 24 லட்சம் பேர். 2020-இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. நம் மாநிலத்தில் சிறு வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக்குத் திரும்பினார்கள். ஏறத்தாழ இருபது மாதம்! ஆக, பொருளாதார இழப்பு என்பதிலும் உயிர்கள் இருக்கின்றன. தராசின் இரண்டு தட்டிலும் மனிதர்களே இருக்கிறார்கள்.

அப்படியானால் எப்படி எடைபோடுவது? லேவியர் நூல் ஒரு வழி காட்டுகிறது. தொற்று இருக்கலாம் என்று ஐயம் எழுந்தால் குரு அந்த ஆளை ஏழு நாள் தனியே வைத்து, மீண்டும் சென்று பார்க்க வேண்டும். தேவையானால் இன்னும் ஏழு நாள் (13:4-5). அடைப்புக்குக் கால வரையறை இருந்தது; போய்ப் பார்க்கும் கடமையும் இருந்தது. அடுத்த அதிகாரம் இன்னும் ஆழமானது. குணமானவர் மூன்று ஆட்டுக்குட்டிகளைக் காணிக்கை தர வேண்டும். ஏழையானால் ஒரு குட்டியும் இரண்டு புறாக்களும் போதும் (14:21-22). நோய்க்கான சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் சுமை எல்லாருக்கும் ஒரே அளவாக வைக்கப்படவில்லை.

நம் ஊரடங்கில் சறுக்கியது இங்கேதான். கூடுதல் அரிசியும் ஆயிரம் ரூபாயும் ரேஷன் கடை வழியே வந்தது உண்மை. அது பலரைக் காத்தது. ஆனால் வேறு மாநிலத்தில் அட்டை வைத்திருந்தவருக்கு, வேலைக்கு வந்த ஊரில் அது எளிதில் கிடைக்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் பொருளாதாரத்தைவிட மனிதர் முக்கியம் என்று அந்த ஆண்டு மே மாதத்தில் சொன்னார். அதே அவர்தான், ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா அன்று மக்கள் இயக்கங்களுக்கு எழுதிய மடலில், தெருவில் விற்று அன்றாடம் பிழைப்போருக்கு ஓர் அடிப்படை வருமானத்தைப் பற்றிச் சிந்திக்கும்படி கேட்டார். இரண்டையும் அவர் சேர்த்தே சொன்னார்.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். மாதச் சம்பளம் வந்த வீடுகளில் நாம் தொலைக்காட்சியில் திருப்பலி கண்டோம். ஆலயக் கதவு மூடியது நமக்கு வருத்தமாக இருந்தது. அதே தெருவில் சித்தாள் வேலைக்குப் போகும் அக்காவின் அடுப்பு எரிந்ததா என்று நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? வீட்டிலேயே இருங்கள் என்று சொல்வது நமக்கு எளிதாக இருந்தது. அதன் விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு கொள்ளைநோய் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்போது அடைப்பதா திறப்பதா என்பதை அரசும் மருத்துவர்களும் முடிவு செய்வார்கள். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வோர் அன்பியத்திலும் நாள்கூலிக் குடும்பங்கள் எவை, தனித்திருக்கும் முதியோர் யார், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்போர் யார் என்று இப்போதே எழுதி வைப்போம். அவர்கள் எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டாம். கதவை அடைக்கும் நாள் வந்தால், அன்று மாலைக்குள் அந்த வீடுகளுக்கு அரிசி போய்ச் சேரட்டும்.

இறைவா, கடைசி மணி நேரத்தில் நின்றவருக்கும் முழுக் கூலி தந்தவரே, எங்கள் பாதுகாப்பின் விலையை ஏழையின் தலையில் சுமத்தாதிருக்க எங்களுக்குக் கற்றுத் தாரும். ஆமென்.